சாகாத நாயகன், ஆயிரம் ஆண்டுக் கதை: எங்கே தளர்கிறது?

நெடுவழி:

வணக்கம். ஒரு நாவலுக்காகச் சாகாத பாத்திரம் ஒன்றை வளர்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் பிறந்தது 1027இல். பழைய ஓலைச்சுவடியைப் பார்த்துப் புதுச்சுவடி எழுதித் தருவது தொழில். 35 வயதில் உடம்பு அப்படியே நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு மூப்பும் இல்லை, சாவும் இல்லை. கதை 1987இல் முடிகிறது. மொத்தம் 360 பக்கம். ஒன்பது காலகட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 40 பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். நான்கு பகுதிகள் எழுதி முடித்தாயிற்று.

வாசித்தவர்கள் சொல்லும் குறைகள் இவை. ஒவ்வொரு பகுதியும் தனிச் சிறுகதை போல நிற்கிறது, அடுத்ததற்குப் போகும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்குவதுபோல அலுப்பாக இருக்கிறது. 1060இல் பேசியவனும் 1400இல் பேசுபவனும் ஒரே ஆளாகத்தான் தெரிகிறான், நடுவில் 340 ஆண்டு கடந்த தடயமே இல்லை. சாவே கிடையாது என்று தெரிந்த பிறகு எந்த ஆபத்தும் ஆபத்தாகப் படவில்லை. பேச்சுமொழியும் உதைக்கிறது: செந்தமிழில் எழுதினால் நாடக மேடை போல இருக்கிறது, இன்றைய தமிழில் எழுதினால் காலம் காணாமல் போகிறது.

இதையெல்லாம் எந்த வரிசையில் சரிசெய்வது?

மணற்கடிகை:

முதலில் கட்டமைப்பு. ஒன்பது காலகட்டம் 360 பக்கத்துக்குத் தாங்காது. புதிய காலம், புதிய ஊர், புதிய ஆட்கள் என்று வரும்போது வாசகர் காலூன்றக் குறைந்தது 12 முதல் 15 பக்கம் பிடிக்கும். ஒன்பது முறை அப்படிச் செய்தால் 135 பக்கம் வரை அறிமுகத்திலேயே போய்விடும். காலூன்றிய பிறகு மிஞ்சுவது 25 பக்கம். அதற்குள் ஒரு உறவு முளைத்து, வளர்ந்து, முறிய வேண்டும். தனிச் சிறுகதை போலத் தெரிவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான், உங்கள் எழுத்து அல்ல.

நான்காகக் குறையுங்கள், அதையும் சமமாகப் பிரிக்காதீர்கள். உங்கள் நாயகனின் தொழிலை வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றும் பங்கீடு: 1027 முதல் 1066 வரை 60 பக்கம், 1570களில் 140, 1870களில் 110, 1986–87க்கு 50. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஐந்நூறு ஆண்டுப் பள்ளம் விழும். அதை நிரப்ப நினைக்காதீர்கள். அவன் 1570இல் எதையெல்லாம் இழந்து வந்து நிற்கிறான் என்பதிலேயே அந்த ஐந்நூறு ஆண்டு தெரிய வேண்டும்.

இன்னொரு கணக்கும் கட்டாயம் போட வேண்டும். முப்பத்தைந்து வயதுத் தோற்றத்தில் ஒருவன் ஒரே ஊரில் எத்தனை ஆண்டு சந்தேகம் வராமல் இருக்கலாம்? தாராளமாக வைத்தாலும் 15. அப்படியானால் 1062இலிருந்து 1987 வரை 925 ஆண்டில் ஏறக்குறைய 62 முறை இடம் பெயர்ந்திருக்கிறான். நாவல் காட்டுவது நான்கைந்து இடங்களைத்தான். மீதி ஐம்பத்தேழுக்கும் தனித்தாளில் ஆளுக்கொரு வரி எழுதி வையுங்கள்: எந்த ஆண்டு, என்ன பெயர், யாரை விட்டுவந்தான். அந்த வரிகள் நாவலில் வர வேண்டியதில்லை. ஆனால் எங்கோ ஓரிடத்தில் ஒரு பழைய பெயரைக் கேட்டு அவன் அரைநொடி தாமதமாகத் திரும்பும்போது, உங்களுக்கு அந்தப் பெயரின் ஆண்டு தெரிந்திருக்கும். அந்த உறுதி வாக்கியத்தில் இறங்கும்.

கிளம்புவதை அவன் எப்படிச் செய்கிறான் என்பதற்கும் ஒரு முறை வைத்துவிடுங்கள். ஐந்தாம் ஆண்டு முதல் தலையில் சாம்பல் தடவிக்கொள்வது, பத்தாம் ஆண்டில் முதுகைக் கூன வைத்துப் பழகுவது, பன்னிரண்டில் வெளியூர் வேலை என்று அடிக்கடி போய்வருவது, ஒரு முறை திரும்பி வராமலே இருந்துவிடுவது. முதல் முறை விரிவாக எழுதுங்கள். அடுத்த முறை அவன் சாம்பலைத் தொட்டாலே போதும், வாசகருக்கு நெஞ்சு பதைக்கும்.

கடைசியாக ஒன்று. பெயர் பெற்ற மனிதர்களைச் சந்திக்க விடாதீர்கள். ஒரு அரசன், ஒரு தளபதி, ஒரு கவிஞர் என்று வரிசையாகச் சந்தித்தால் அவன் பாத்திரமாக இருக்க மாட்டான், வரலாற்றுப் பாடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவனாகிவிடுவான். வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் அரசனை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பாடபேதம்:

இரண்டாவது குறைக்கு, அதாவது 1060இலும் 1400இலும் ஒரே ஆளாகத் தெரிவதற்கு, உங்கள் கையிலேயே மருந்து இருக்கிறது. அவன் சுவடி பிரதி எடுப்பவன். அந்தத் தொழிலைத்தான் அவன் நினைவுக்கும் வைக்க வேண்டும்.

பனையோலை நம் தட்பவெப்பத்தில் 300 ஆண்டு தாங்கினால் பெரிது. ஓலை நொறுங்கும் முன் புதிய ஓலையில் எழுதியாக வேண்டும். எழுதும் ஒவ்வொரு முறையும் பிழை நுழையும், அடுத்தவன் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுவான். பாடபேதம் பிறப்பது இப்படித்தான். மனித நினைவும் ஏறக்குறைய இதே மாதிரிதான் நடந்துகொள்கிறது. ஒன்றை நினைவுகூரும்போது மூளை அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைப்பதில்லை, திரும்பக் கட்டித்தான் வைக்கிறது. அதனால் அவன் அதிகம் நினைத்துப் பார்த்த முகம்தான் அதிகம் மாறியிருக்கும். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக வைத்துவிடுகிறார்கள்: பிரியமான நினைவு பளிங்குபோல இருக்கும், அற்ப நினைவு மங்கும் என்று. உங்கள் நாயகனுக்கு, எப்போதோ ஒருமுறை பார்த்து மறந்த ஒரு மாட்டுக்கொட்டில் வாசம் பிசகில்லாமல் திரும்பி வரட்டும். மனைவியின் குரல் மட்டும் அவனே செய்துகொண்ட குரலாக இருக்கட்டும்.

மனிதருக்குப் பத்து வயது முதல் முப்பது வரையிலான நினைவுகளே பிற்காலத்தில் அதிகம் தங்கும் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். உங்கள் ஆளுக்கு அந்தக் காலம் 1037 முதல் 1057 வரை. அதற்குப் பிந்திய தொள்ளாயிரம் ஆண்டும் அவனுக்கு ஒரே வெள்ளமாக, அடையாளம் குறைந்து கிடக்கும். ஆகவே 1400ஆம் ஆண்டில் அவனுக்கு 1390ஐ விட 1045 நெருக்கமாக இருக்கலாம். நேற்றுப் பேசியவனின் பெயர் தெரியாமல் திணறுபவன், முந்நூறு ஆண்டுக்கு முன் செத்த தோழனின் பேச்சை வாய்மாறிச் சொல்லுவான். காலம் கடந்த தடயம் என்று நீங்கள் தேடுவது இதுதான்.

கை மறக்காது. எப்போது கற்றோம் என்பதே மறந்துபோன வேலையைக்கூடக் கை செய்யும். ஓலையில் எழுதுபவர் இடக்கையில் ஓலையைப் பிடித்துக்கொண்டு, இடது கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்து, அதில் ஒரு பிறை வெட்டி, அந்த வெட்டில் எழுத்தாணியைப் பொருத்தி நகர்த்துவது உண்டு. எழுத்தாணி பெரிதாக நகராது, ஓலைதான் நகரும். நகம் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் வெட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1987இல் பேனா பிடிப்பவன் இடது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வைத்திருக்கிறான். யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நூறு பக்க விளக்கத்தின் வேலையை அந்த நகம் செய்துவிடும்.

இன்னும் ஒன்று, நாவல் முழுக்க ஓடக்கூடியது. பழைய முறையில் குறில் எ, ஒ இரண்டுக்கும் மேலே புள்ளி, நெடிலுக்குப் புள்ளி இல்லை. புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் ஓலையில் அதை வைக்காமலே விட்டார்கள். விளைவு, ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஓலையில் ஒரே தோற்றம். மனைவி சொன்ன கடைசி வார்த்தையை அவன் 1050வாக்கில் எழுதி வைக்கிறான் என்று கொள்வோம்: ‘ஏரி பார்த்து நில்’ என்றாளா, ‘எரி பார்த்து நில்’ என்றாளா? எழுதும்போது அவனுக்குத் தெரியும், எழுதிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. நான்கு முறை பிரதி எடுத்த பிறகு தெரியாது. எ–ஏ வேறுபாட்டைக் காட்ட இன்றுள்ள வடிவம் வீரமாமுனிவர் (1680–1747) செய்த மாற்றத்தால் வந்தது. ஆக, ஒரு காலம் வரை அந்த வரியை அவன் முடிவெடுக்காமலே எழுதிக்கொண்டு வர முடியும். அதற்குப் பிறகு முடியாது.

தழும்பு:

மூன்றாவது குறைக்கு வருகிறேன். சாவு இல்லையென்றால் ஆபத்து இல்லை என்பது உடம்பின் விதிகளைத் தெளிவாக எழுதாததால் வரும் குறை. நம் மரபு இதில் மிகத் தெளிவாக இருந்தது. மார்க்கண்டேயன் என்றும் பதினாறு. அசுவத்தாமனுக்கு நெற்றியில் ஆறாத புண்ணோடு அலைச்சல். இரண்டும் சாவின்மைதான், ஆனால் ஒன்று வரம், மற்றது சாபம். வேறுபாடு உடம்பில் இருக்கிறது.

எழுதத் தொடங்கும் முன் ஒரு பக்கத்தில் இவற்றுக்கு விடை எழுதுங்கள். வெட்டுப்பட்டால் எத்தனை நாளில் ஆறும்? தழும்பு நிற்குமா? விரல் போனால் முளைக்குமா? பசி உண்டா, பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? பல் விழுந்தால்? பிள்ளை பிறக்குமா, பிறந்தால் அது சாகுமா? என் பரிந்துரை: காயம் சாதாரண மனிதருக்கு ஆறும் வேகத்திலேயே ஆறட்டும், வலி முழுதாக இருக்கட்டும், இழந்த உறுப்பு திரும்பாமல் இருக்கட்டும். அப்போது கண் போவது என்பது அவனுக்கு மற்ற எல்லாரையும் விடப் பெரிய பயம், ஏனென்றால் குருடனாக அவன் நாற்பது ஆண்டில் முடிந்துவிட மாட்டான். சிறையும் அப்படியே. மற்றவனுக்கு ஆயுள் தண்டனை ஒரு எல்லை, இவனுக்கு எல்லையே கிடையாது.

விதியை நடுவில் மாற்றாதீர்கள். 80ஆம் பக்கத்தில் விரல் முளைக்காது என்று காட்டிவிட்டு 300இல் மார்பைத் துளைத்த ஈட்டியோடு எழுந்து நடந்தால் வாசகர் கணக்கை மூடிவிடுவார்.

பெரியம்மை வடு பற்றி ஒரு நுணுக்கம். அவனுக்கு இளமையிலேயே அம்மை வந்து முகத்தில் வடு இருக்கட்டும். 1987இல் அந்த முகத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், 1952இல் பிறந்தவனாகத் தெரிபவனுக்கு வடு இருப்பது இயல்பு. ஆனால் கதையை 2020 வரை நீட்டினால் சிக்கல். இயற்கையாகப் பெரியம்மை கடைசியாக வந்தது 1977இல், சோமாலியாவில். ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவித்தார்கள். 2020இல் 35 வயது முகத்தில் அந்த வடு இருக்கவே முடியாது. ஒரு வயதான மருத்துவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். முடிவு ஆண்டை நகர்த்தும் எண்ணம் இருந்தால் இது உங்களுக்குக் கிடைத்த நல்ல கத்தி.

பல்லும் அப்படித்தான். பற்சிப்பி ஒருமுறை உருவானால் புதுப்பிக்கப்படாது. அதிலுள்ள கதிரியக்கக் கார்பனின் அரை ஆயுள் 5,730 ஆண்டு, அதனால் ஆயிரம் ஆண்டில் ஏறக்குறைய 11 விழுக்காடு குறைந்திருக்கும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன் அந்தக் காலத்துப் பிள்ளைகளின் பல்லில் உண்டு, இவனுக்கு இருக்காது. ஆனால் பற்சிப்பியை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணிக்கும் முறை வெளியானதே 2005இல்தான். 1987 கதையில் இதை வைத்தால் காலப்பிழை.

அடையாள மாற்றத்தின் சிரமமும் எல்லாக் காலத்திலும் ஒன்றல்ல. 1570இல் ஊர் மாறிப் புதுப் பெயர் சொன்னால் போதும், அந்நியன் மீதுள்ள இயல்பான சந்தேகத்தைச் சமாளித்தால் சரி. பிறப்புப் பதிவு பிரான்சில் 1792இல் வருகிறது, இங்கிலாந்தில் 1837இல். புகைப்படம் 1839இல் அறிவிக்கப்படுகிறது. கைரேகைப் பிரிவு கல்கத்தாவில் 1897இல் தொடங்குகிறது. கடவுச்சீட்டில் படம் ஒட்டுவது முதல் உலகப்போர்க் காலத்தில் பரவுகிறது. எண்ணூறு ஆண்டு எளிதாகச் செய்த ஒன்று, நூறே ஆண்டில் ஏறக்குறைய முடியாத காரியமாகிவிடுகிறது. 1870 பகுதிக்கு 110 பக்கம் என்று மணற்கடிகை சொன்னதற்கு இதையும் காரணமாகச் சேர்ப்பேன். அவன் பயப்படக் கற்றுக்கொள்வது அங்கேதான்.

பணத்தில் எல்லாரும் தவறுவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ஐந்து விழுக்காடு கூட்டு வட்டியில் போட்ட பணம் நூறாண்டில் 131 மடங்கு, இருநூறாண்டில் 17,000 மடங்குக்கு மேல். இதை வைத்து அவனைப் பெருஞ்செல்வனாக்கிவிடுவார்கள். கடன் வாங்கிய குடும்பமோ நிறுவனமோ இருநூறாண்டு நிலைத்தால்தானே? உரிமை கேட்க அவன் எந்தப் பெயரில் போவான்? நாணயமும் செத்துப்போகும்: 1923 நவம்பரில் ஜெர்மனியில் ஒரு டாலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க். அவன் கையில் நிற்பது தூக்கிக்கொண்டு நடக்கக்கூடியதும் உடனே விற்கக்கூடியதும்தான். அதுகூடக் களவு போகும். 62 இடப்பெயர்ச்சியில் பாதியிலாவது வெறுங்கையோடு போய் இறங்கியிருப்பான்.

சல்லடை:

மொழிக்கு ஒரு வழி சொல்கிறேன். பழந்தமிழை எழுதிப் பார்க்காதீர்கள். இன்றைய எளிய எழுத்துத்தமிழை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் வந்திராத சொற்களை ஒவ்வொன்றாகச் சலித்து எடுத்துவிடுங்கள். சேர்ப்பது அல்ல, நீக்குவதுதான் வேலை.

1060 பகுதியில் போர்த்துக்கீசியம் வழியாக வந்தவை இருக்கக் கூடாது: ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, ஏலம், கோப்பை. உருது, பாரசீகம் வழி வந்தவை கூடாது: தயார், வசூல், பாக்கி, அசல், நகல், வக்கீல், சிபாரிசு. ஆங்கிலம் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜன்னலுக்குச் சாளரம், சாவிக்குத் திறவுகோல் என்று போடலாம், ஆனால் மாற்றுச்சொல் உறுத்தினால் அந்தப் பொருளையே வாக்கியத்திலிருந்து தூக்கிவிடுங்கள். 1570 பகுதியில் கடலோரத்தில் மட்டும் ‘சாவி’ ஒருமுறை, புதுச்சொல்லாக, யாரோ ஒரு மாலுமி வாயில் வரட்டும். 1870இல் ‘வசூல்’, ‘பாக்கி’, ‘நகல்’ தாராளமாக. அவன் தொழிலுக்கே ‘நகல்’ என்று புதுப்பெயர் வந்துவிட்டது என்பதை அவன் ஒருநாள் கவனிப்பான். இப்படிச் செய்தால் எந்தப் பகுதியும் செயற்கையாக ஒலிக்காது, ஆனால் நான்கையும் அடுத்தடுத்துப் படிக்கும் காதுக்குக் காலம் நகர்வது கேட்கும்.

பொருள் மாறிய சொற்கள் அவனுக்கு நிரந்தரத் தொல்லை. ‘நாற்றம்’ அவன் வாயில் நறுமணமாகவே நிற்கும். ‘கிழவன்’ என்றால் உரியவன், தலைவன். ஒரு பெரியவரை அப்படி மரியாதையாகச் சொல்லி அடிவாங்கும் காட்சி எழுதத் தோன்றும். வேண்டாம். அவன் வாய் திறக்கப் போய், சொல்லை விழுங்கி, வேறு சொல் தேடும் அந்தத் தயக்கம் போதும். நாவலில் மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

நேர அளவையும் சலித்துவிடுங்கள். ஊசல் கடிகாரம் 1656இல்தான் வருகிறது. அதற்கு முன் யாரும் நிமிடக் கணக்கில் காத்திருந்ததில்லை. ஒரு நாழிகை 24 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை, அதைவிடச் சிறியது வேண்டுமானால் கண்ணிமைப் பொழுது. ‘ஐந்து நிமிடம் கழித்து’ என்று 1060 பகுதியில் ஒரு இடம் நழுவினாலும் திரை கிழிந்துவிடும். உவமைகளும் இப்படித்தான். ‘படம்போல ஓடியது’, ‘தண்டவாளம்போல நேராக’, ‘இயந்திரம்போல’ எல்லாம் களை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலை நான்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1498க்கு முந்திய காட்சியில் ஒன்றும் தலைகாட்டக் கூடாது. தீக்குச்சி விற்பனைக்கு வந்தது 1827இல்.

நெடுவழி:

நான்கு பேருக்கும் நன்றி. ஒன்பதை நான்காக்குகிறேன், வலித்தாலும். எரி–ஏரி என் நாவலின் நடுத்தண்டு ஆகிவிடும்போல இருக்கிறது. 

இரண்டு கேள்விகள். இப்போது படர்க்கையில் எழுதுகிறேன். தன்மையில், அவனே 1987இல் அமர்ந்து சொல்வதாக மாற்றினால் சல்லடை முறை என்ன ஆகும்? இன்னொன்று, நாயகியாக மாற்றலாமா என்றும் யோசனை.

சல்லடை:

1987இலிருந்து அவனே திரும்பிப் பார்த்துச் சொன்னால் கதைசொல்லும் வாக்கியங்களுக்குச் சல்லடை வேண்டியதில்லை. 1060ஐப் பற்றிப் பேசும்போது ‘தண்டவாளம்போல’ என்று அவன் சொல்லலாம், ஏனெனில் அவன் தண்டவாளத்தைப் பார்த்தவன். சொல்லப்போனால் அந்த உவமையே அவன் பழைய நினைவு எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி. உரையாடலுக்கு மட்டும் சல்லடை. ஆனால் படர்க்கையில், அந்தந்தக் காலத்தின் உள்ளிருந்து எழுதினால் கதைசொல்லியின் வாக்கியத்துக்கும் அதே கட்டுப்பாடு. இரண்டையும் கலந்துவிட்டால் பிழை என்று வாசகருக்குப் பெயர் சொல்லத் தெரியாது, ஆனால் நம்பிக்கை போய்விடும்.

தன்மையில் ஒரு இழப்பும் உண்டு. அவன் மறந்ததை அவனால் சொல்ல முடியாது. பாடபேதம் சொன்ன நினைவுத் திரிபு முழுதும் உங்கள் நாவலுக்கு அடித்தளம் என்றால், அசல் நிகழ்வை வாசகர் ஒருமுறை நேரில் பார்த்திருக்க வேண்டும், பிறகுதான் அவன் திரித்துச் சொல்வது தெரியும். முதல் 60 பக்கம் படர்க்கை, மீதி தன்மை என்று பிரிக்கலாம். மனைவி ‘ஏரி’ என்றாளா ‘எரி’ என்றாளா என்ற அந்தக் கணத்தை மட்டும் படர்க்கைப் பகுதியிலும் மறைத்துவிடுங்கள்.

தழும்பு:

நாயகி என்றால் இடப்பெயர்ச்சிக் கணக்கு முழுதும் மாறும். தனியாக வந்து இறங்கும் அந்நிய ஆணுக்கு ஊர் ஒரு வேலை கொடுக்கும். தனியாக வரும் பெண்ணிடம் ஊர் முதலில் கேட்பது ‘யாருடைய ஆள்?’ என்றுதான். அதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு விடை தயாராக இருக்க வேண்டும்: கைம்பெண், யாத்திரை வந்தவள், துறவி. பதினைந்து ஆண்டும் அவளுக்குக் கிடைக்காது. தோற்றம், மகப்பேறு இரண்டையும் ஊர் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். எட்டிலிருந்து பத்து ஆண்டு என்று வையுங்கள், அப்போது தொண்ணூறு முதல் நூற்றுப் பதினைந்து இடப்பெயர்ச்சி.

இன்னொரு வழி, அவளை முதுமையில் நிறுத்துவது. எழுபது வயதுக் கிழவியாகத் தெரிபவளை ஊர் அவ்வளவாகக் கவனிப்பதில்லை, எங்கும் போகலாம், எதையும் கேட்கலாம். நம் வாசகருக்கு இது புதிதும் அல்ல. சங்க காலத்து ஔவை வேறு, நீதிநூல் பாடிய பிற்கால ஔவை வேறு. ஆனாலும் நெல்லிக்கனி உண்டு நெடுங்காலம் வாழ்ந்த ஒரே பாட்டியாக நாட்டு வழக்கு அவர்களைச் சேர்த்துவிட்டது. நூற்றாண்டுகளைத் தாண்டும் பாத்திரத்தை மக்களே செய்துவைத்திருக்கிறார்கள், அதுவும் இளமையைக் கேட்காமல்.

ஆனாலும் உங்கள் நாவலுக்கு நான் மாற்றச் சொல்ல மாட்டேன். பிரதி எடுப்பவன் என்ற தொழிலோடு எல்லாம் பின்னிவிட்டது.

மணற்கடிகை:

பகுதிகளைக் கட்டும் கயிறு பற்றி விட்டுப்போனதைச் சேர்க்கிறேன். மன்னர்கள் மாறுவதை வைத்துக் காலம் காட்டாதீர்கள், வானத்தை வைத்துக் காட்டுங்கள். 1054இல் பகலிலேயே தெரிந்த விண்மீன் வெடிப்பு நிகழ்ந்தபோது அவனுக்கு 27 வயது. பகல் வானில் அது 23 நாள் தெரிந்ததாகச் சீனக் குறிப்பு இருக்கிறது. ஹாலி வால்மீன் 1066இல் வருகிறது, 1986இல் வருவது அவன் வாழ்நாளில் பதின்மூன்றாம் முறை. உங்கள் முதல் பகுதி 1066இல் முடிவதும் கடைசிப் பகுதி 1986இல் தொடங்குவதும் அதற்குத்தான். துருவ நட்சத்திரமும் நின்ற இடத்தில் நின்றதில்லை. அவன் சிறுவயதில் அது வடதுருவப் புள்ளியிலிருந்து ஏறக்குறைய 6 பாகை தள்ளி இருந்தது, 1987இல் ஒரு பாகைகூட இல்லை. ‘அசையாத மீன்’ என்று யாராவது சொல்லும்போது அவனுக்கு மட்டும் தெரியும், அது நகர்ந்துதான் அங்கே வந்தது.

ஆண்டுகளை 1054 என்றெல்லாம் முதல் பகுதியில் எழுதாதீர்கள். அவன் காலத்துக் கல்வெட்டுகளில் அரசனின் ஆட்சியாண்டுதான் கணக்கு. அதோடு அறுபது ஆண்டுச் சுற்று இருக்கிறது. 1027 பிரபவ, 1987உம் பிரபவ. நடுவில் சரியாகப் பதினாறு சுற்று. ஒரு சாதாரண மனிதன் பிறந்த ஆண்டின் பெயரை வாழ்நாளில் ஒருமுறை திரும்பக் கேட்டால் பாக்கியம். இவன் பதினாறு முறை கேட்டவன்.

ஒரு எச்சரிக்கை. தொழில்நுட்பம் வந்த ஆண்டையும் அது அவன் வாழ்வைத் தொட்ட ஆண்டையும் ஒன்றாக்காதீர்கள். தமிழ் எழுத்தில் 1578இல் கொல்லத்தில் நூல் அச்சாகிவிட்டது. ஆனால் ஓலையில் எழுதுவது 19ஆம் நூற்றாண்டு வரை நடந்தது. 1570 பகுதியில் அச்சிட்ட தாளைப் பார்த்ததும் அவன் தன் தொழில் செத்தது என்று கலங்கினால் பொய். கையில் வாங்கி, புரட்டி, மை தாளின் பின்பக்கம் ஊறியிருப்பதைப் பார்த்து, இது நிலைக்காது என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். முந்நூறு ஆண்டு அவன் நினைத்தது சரியாகவே இருக்கும்.

நெடுவழி:

1870 பகுதியில் அவன் அந்தச் சுவடியை அச்சுக்குக் கொண்டுபோவதாக வைக்கிறேன். எரி–ஏரி அங்கே எப்படி வெடிக்கும்? அவனே வலிந்து சொல்ல வேண்டியிருக்குமா?

பாடபேதம்:

வேண்டாம், அச்சகமே கேட்கும். அச்சுக்கோப்பவர் முன்னால் சாய்வாக வைத்த எழுத்துப்பெட்டி இருக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் தனி அறை. எ ஒரு அறையில், ஏ வேறு அறையில். அவர் இடக்கையில் சின்னச் சட்டம், வலக்கை பெட்டியின்மேல் ஓடிக்கொண்டே இருக்கும். பொருளை அவர் படிப்பதில்லை, எழுத்தைத்தான் பார்ப்பார். மற்ற சொற்களில் நெடிலா குறிலா என்பதைப் பழக்கத்தில் தானே முடிவுசெய்துகொண்டு போவார். இந்தச் சொல்லில் இரண்டும் பொருந்தும் என்பதால் கை நிற்கும். தலையைத் தூக்காமலே ‘இது எரியா, ஏரியா?’ என்பார். அவருக்கு அது நாளைக்கு இருபது முறை கேட்கும் கேள்வி. அந்த வரியை முடித்தால்தான் அடுத்த வரி. எண்ணூறு ஆண்டில் முதல் முறையாக ஒருவர் அதைக் கேட்கிறார், வலக்கை இரண்டு அறைகளுக்கும் நடுவில் நிற்கிறது.